ஓடாத படமும் மாவு ஆட்டும் நேரமும்

கேள்வி: போன இதழில் நீங்கள் ஆகா ஓகோ என்று எழுதியதை நம்பி வீட்டில் ‘ஒழிமுறி’ பார்த்தோம். அரைமணி நேரத்தில் என் மனைவி எழுந்து மாவு ஆட்டப் போய்விட்டாள். ஓடாத படமாகத் தேடிப் பிடித்துப் புகழ்வது என்ன வியாதி? அதுவும் மலையாளப் படத்தைத் தமிழ் வாசகர் தலையில் கட்டுவது எதற்கு? உங்களுக்குப் படம் பார்ப்பதைத் தவிர உருப்படியான பொழுதுபோக்கு ஒன்றும் கிடையாதா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: மனைவி எழுந்த நேரத்தைக் கணக்காக எழுதிய நீங்கள், நீங்கள் எழுந்த நேரத்தை எழுதவில்லை. ஆக, கடைசிவரை பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

ஆகா ஓகோ என்று நான் எழுதவில்லை ஐயா. பழைய இதழ் கடலை பொதிய இன்னும் போகாமல் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்த வக்கீல் பெண்ணுக்கும் தாணுப்பிள்ளையின் மகனுக்கும் இடையே வரும் காதல், கிழிந்த வேட்டிக்குப் பட்டுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது, அது வந்தபோதெல்லாம் நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்று எழுதியிருந்தேன். புகழ்ந்தது அப்பா தாணுப்பிள்ளையை. அதாவது, அந்த மனிதரின் பயத்தைப் படம் கண்டுபிடித்த விதத்தை. வீட்டில் அவர் புலி. மனைவி மீனாட்சி வாயைத் திறக்கக் கூடாது. ஏன் இப்படி என்று படம் பொறுமையாகப் பின்னால் போய்ப் பார்க்கிறது. சொத்து தாய்வழியில் இறங்கும் மருமக்கள்வழி நடந்த காலத்தில் அவருடைய தாய் காளிப்பிள்ளை அதிகாரம் செலுத்தியதையும், தகப்பன் அந்த வீட்டில் சிறுத்துப்போனதையும் சிறுவனாக நின்று பார்த்தவர் அவர். தனக்கு அந்த கதி வந்துவிடக் கூடாது என்ற நடுக்கத்தைத்தான் ஆயுள் முழுக்கக் கோபமாகக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய பிறகு மீனாட்சி நீதிமன்றத்தில் போய் மணவிலக்குக் கேட்கிறாள். மல்லிகா (‘ஆட்டோகிராஃப்’ மல்லிகா என்றால் உங்கள் வீட்டில் தெரியும்) அதைக் கண்ணைக் கசக்காமல் நடித்திருக்கிறார். தாணுப்பிள்ளையாக நடித்த லாலை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். என் ஓட்டு மல்லிகாவுக்கு.

மலையாளம் என்கிறீர்கள். இயக்கிய மதுபால் மலையாளி, சரி. எழுதிய ஜெயமோகன் நம் குமரி மாவட்டத்துக்காரர். கதை நடப்பது நம் மண்ணில். உங்கள் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து திருவிதாங்கூரை ஆண்டவர்கள் உங்களுக்கு அடுத்த தெருக்காரர்கள். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி நம் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களை நான் மறப்பவன் அல்ல. அவர்களால்தான் இந்தப் பத்திரிகை தமிழில் வருகிறது. ஆனால் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1ஆம் தேதி விடிந்ததும் யாரும் வீட்டுப் பத்திரங்களைக் கொளுத்திவிட்டுப் புதிதாகப் பிறக்கவில்லை. தேரூர்க்காரர் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்று தமிழில் பாடிச் சிரிக்கவைத்த அதே சங்கதியைத்தான் இந்தப் படம் சிரிப்பை எடுத்துவிட்டுச் சொல்கிறது. கவிமணி பாடினால் தமிழ், படம் எடுத்தால் மலையாளமா?

ஓடாத படமெல்லாம் நல்ல படம் என்றும் நான் சொன்னதில்லை. பெரும்பாலான படங்கள் ஓடாமல் போனதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கிணற்றடியில் ஒரு கிழவர் இருமுவதை நாலு நிமிடம் காட்டிவிட்டு அதற்குக் கலை என்று பெயர் வைத்தால் நானும் கொட்டாவி விடுவேன். அதே சமயம், படம் ஓடியதா என்று கவலைப்பட வேண்டியவர் அதில் பணம் போட்டவர். நீங்கள் டிக்கெட்கூட வாங்கவில்லை.

உதாரணத்துக்கு நமக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ‘பூட்டாத பூட்டுகள்’, 1980. நம் மணிகட்டிப்பொட்டல் பொன்னீலனின் ‘உறவுகள்’ நாவலை வைத்து மகேந்திரன் எடுத்தது. கதாநாயகன் மலையாளச் சண்டைப்பட நடிகர் ஜயன். அவரைக் குழித்துறைக்கு மேற்கே தெரியாதவர் கிடையாது. குதிரை, கயிறு, படகு என்று தாவிக்கொண்டிருந்த மனிதரைக் கொண்டுவந்து, குழந்தை இல்லாத ஒரு புருஷனாக வீட்டுக்குள் உட்காரவைத்தார் மகேந்திரன். துணிச்சல்தான். அந்தப் பெரிய உடம்பு சும்மா நிற்கும்போது வரும் பரிதாபம் எனக்குப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் ஹெலிகாப்டர் சண்டைக் காட்சியில் ஜயன் இறந்துபோனதை அறிந்து பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. அதற்காகப் படத்தை ‘உதிரிப்பூக்கள்’ பக்கத்தில் வைக்க மாட்டேன். பாதிப் படம் நன்றாக இருக்கிறது, மீதிப் பாதியில் மகேந்திரனே அவசரப்பட்டுவிட்டார். பொன்னீலன் எழுத்தில் இருக்கிற புழுதி படத்தில் இல்லை.

‘சொல்ல மறந்த கதை’யிலும் எனக்கு இதே குறைதான். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ வந்தது 1977இல். தங்கர் பச்சான் படமாக்கியது 2002இல். பணக்கார மாமனார் வீட்டில் மாப்பிள்ளை சிவதாணு கூனிக் குறுகுவதைச் சேரன் நன்றாகவே செய்தார். ஆனால் சுசீந்திரம் பக்கம் தெருவுக்கு நாலு சிவதாணு இருப்பான். அந்தப் பேச்சும் அந்த வீட்டு அவியல் வாசமும் இல்லாமல் படம் பார்த்தபோது, நம் வீட்டுப் பையனை வேறு ஊர்ச் சட்டையில் பார்த்த மாதிரி இருந்தது. நல்ல படம்தான், குறை என் நாக்கில் இருக்கலாம்.

பொழுதுபோக்குக்கு வருகிறேன். உண்டு. என் மேசையில் மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்று, மர்ஃபி, முதுகைத் திறந்தபடி ஆறு மாதமாகக் கிடக்கிறது. மெய்ப்புத் திருத்தி முடித்த பிறகு இரவில் ஈயம் உருக்கி ஒட்டும் பற்றுக்கோலை எடுத்துக்கொண்டு உட்காருவேன். கண்டென்சர்கள் காய்ந்துபோய் ‘ம்ம்ம்’ என்று தேனீக் கூடு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மாற்றினேன், இரைச்சல் நின்றது. பிறகு நிலையம் மாற்றும் முள் நகரவில்லை. உள்ளே சின்னச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் நூல் இற்றுப்போயிருந்தது. கெட்டிக்காரத்தனமாகக் குளச்சலில் தங்கூஸ் (தூண்டில் நைலான் நரம்பு) வாங்கிக் கட்டினேன். அது வழுக்கியது. குமிழைத் திருகினால் முள் கொழும்பில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுபடி போய், வலை பின்னுகிற முறுக்குநூல் வாங்கிவந்து இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் அசைந்தது. சுவிட்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வு சூடாகிச் செம்மை கண்டு, நிலையம் பிடிபட்டதைக் காட்டும் பச்சைக் கண் விளக்கு மெல்லத் திறக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பாடு.

இதுவும் படத்தில்தான் போய் முடிகிறது, மன்னிக்கவும். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போலக் கேட்கும். பாட்டு முதலில் வரும், படம் நம் ஊர்க் கொட்டகைக்கு வராமலே போய்விடும். ‘ஏழாவது மனிதன்’ எனக்கு அப்படி வந்த படம். 1982இல் ஹரிஹரன் எடுத்தது, ரகுவரனின் முதல் கதாநாயக வேடம். எல். வைத்தியநாதன் இசையில் ஜேசுதாஸ் ‘காக்கைச் சிறகினிலே’ பாடியதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. படத்தைப் பார்க்கப் பல வருடம் ஆனது. அதற்குள் அந்தப் பாட்டுக்கு என் மனத்தில் நானே ஒரு படம் எடுத்து முடித்துவிட்டேன். ஹரிஹரன் படம் அதற்கு ஈடாகவில்லை. இது அவர்மேல் வைக்கிற நியாயமான குற்றச்சாட்டு அல்ல. ஆகவே அந்தப் படத்தைப் பற்றி மட்டும் என் பேச்சை நம்ப வேண்டாம்.

உண்மையிலேயே ஓடாத படம் ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். ‘விகதகுமாரன்’. மலையாளத்தின் முதல் கதைப்படம். எழுதி, இயக்கி, படம் பிடித்து, நடித்து, பணமும் போட்டவர் ஜே. சி. டேனியல். கதாநாயகி பி. கே. ரோசி என்ற தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரத்தில் கலவரம் செய்து அவரை ஊரைவிட்டே ஓட்டினார்கள். டேனியல் கைப்பணத்தை இழந்து பல் மருத்துவரானார். கடைசிக் காலத்தை நம் அகஸ்தீஸ்வரத்தில் கழித்து 1975இல் இறந்தார். கேரள அரசு இன்று அவர் பெயரில் பெரிய விருது கொடுக்கிறது. உயிரோடு இருந்தபோது உதவித்தொகை கேட்டதற்கு, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லித் தட்டிவிட்டார்கள். படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இதை எந்த மொழிக் கணக்கில் எழுதுவீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள், அது ஊமைப்படம்.

கடைசியாக அந்த மாவு விஷயம். வாழ்நாள் முழுக்க வீட்டு வேலை பார்த்துச் சலித்த ஒரு பெண் விலகிப்போகக் கேட்கும் படத்தை நீங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், உங்கள் மனைவி உளுந்து கழுவியிருக்கிறார். அடுத்த முறை ஆட்டுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். அவர் பார்த்துவிட்டு எந்த இடத்தில் எழுந்திருக்கத் தோன்றியது என்று ஒரு கார்டு போடச் சொல்லுங்கள். என் விமர்சனத்தை நிறுத்திவிட்டு அதை அச்சிடுகிறேன்.