கடல் பனியில் கிருமி தேடும் படிப்பு: பினாங்கு அம்மா ஒருவருக்குப் பதில்

கேள்வி: மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்துவிட்டாள். துருவக் கடல் பனியில் வெயிலைப் பிடித்து வாழும் பாக்டீரியாவை ஆராயப் போகிறேன் என்கிறாள். ஐஸ்கட்டியை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைப்பதா? — ஒரு தாய், பட்டர்வொர்த்

அம்மா, இந்த வேலையில் பனியில் நிற்பது சில வாரம்தான். மீதி நாளெல்லாம் பைப்பெட், வடிகட்டி, கணினி. மலேசியா 2011-இல் அண்டார்டிக் ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் நமக்கென்று அங்கே நிலையம் கிடையாது. பிற நாட்டு நிலையத்திலோ கப்பலிலோ இடம் கிடைத்தால்தான் பயணம். ஆகவே அந்தப் பயணத்தை வைத்துப் படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

மகள் சொல்லும் பாக்டீரியா எப்படிப்பட்டது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 பாகை செல்சியஸில் உறையும். அப்போது உப்பு பனிப்படிகத்துக்குள் போகாமல் மயிரிழை போன்ற கால்வாய்களில் ஒதுங்கும். மைனஸ் 10 பாகையில் அந்த நீர் கடல்நீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு உப்பு. அதிலும் வாழ்கிறது சைக்ரோஃப்ளெக்ஸஸ் டார்க்விஸ் என்ற பாக்டீரியா. அதனிடம் புரோட்டியோரோடாப்சின் என்ற புரதம் உண்டு. ஒளி பட்டதும் அது புரோட்டானை (நேர்மின் துகளை) செல்லுக்கு வெளியே தள்ளும். திரும்பி உள்ளே வரும் புரோட்டானின் விசையில் செல்லுக்குச் சக்தி கிடைக்கும். இதை ஒளிச்சேர்க்கை என்று எழுதிவிடும் மாணவர்கள் நிறைய. தவறு. இது கரியமிலவாயுவிலிருந்து உணவு தயாரிப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பனிப்பாசிகள் கசியவிடும் பொருள்களைத்தான் நம்பியிருக்கிறது. நேர்முகத் தேர்வில் இந்த ஒரு கேள்வியிலேயே ஆள் தெரிந்துவிடும்.

கைவேலைக்கு ஒரு உதாரணம். துளைத்தெடுத்த பனித்தண்டை அப்படியே உருகவிட்டால் ஏறக்குறைய நன்னீர்தான் வரும். கடும் உப்பில் பழகிய செல்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துப்போகும். அதனால் வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, இருட்டில், 4 பாகைக் குளிரில் மெதுவாக உருக்க வேண்டும். பிறகு 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செல்களைப் பிடித்து, டிஎன்ஏவைப் பிரித்து, பிசிஆர் முறையில் அதைப் பல மடங்காகப் பெருக்க வேண்டும். மாதிரியில் செல் குறைவென்றால் கையிலும் ரசாயனத்திலும் ஒட்டியிருந்த வேறு கிருமியின் டிஎன்ஏதான் முன்னால் வந்து நிற்கும். மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றை முதல் படியிலிருந்தே கூட ஓட்டாதவர் முடிவை யாரும் நம்பமாட்டார்கள்.

இந்தச் சுத்தம்தான் சோறு போடும். பாயான் லெப்பாஸில் மருத்துவச் சாதனம் செய்யும் தொழிற்சாலைகளில் பொருளில் எத்தனை கிருமி ஒட்டியிருக்கிறது என்று எண்ணும் வேலைக்கும், உணவு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களுக்கும் இதே கைதான் வேண்டும்.

வழி: பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பு கிடைத்தால் ஒரு வருடம். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவத்தில் உயிரியல், வேதியியல், கணிதம், ஒன்றரை வருடம். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம், ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். வேதியியலில் தேறியவர்கள் முதலாண்டில் தடுமாறுவது குறைவு. முயெட் என்ற ஆங்கிலத் தேர்வை அலட்சியம் செய்யக்கூடாது, ஆய்வுக் கட்டுரைகள் முழுக்க ஆங்கிலத்தில்தான். பட்டத்துக்கு ‘துருவ அறிவியல்’ என்று தேடாமல் நுண்ணுயிரியலை எடுக்கட்டும். தேசிய அண்டார்டிக் ஆய்வு மையம் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முதுகலைக்கு வரும்போது சுல்தான் மீசான் அண்டார்டிக் ஆய்வு அறவாரியத்தின் மானியத்தையும் விசாரிக்கலாம்.

பனிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். புரோட்டியோரோடாப்சின் முதலில் 2000-இல் தெரியவந்தது கலிஃபோர்னியாவின் மாண்டரே குடாக் கடல்நீரில்தான். வெயில் படும் கடல்களில் அது பரவலாக உண்டு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம்.முக்கு தெலுக் பஹாங் பக்கம் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்கு பினாங்குக் கடல்நீரிலேயே அந்தப் புரதத்துக்கான மரபணுவைத் தேடலாம்.

விண்ணப்பத்துக்கு முன், பனி உப்பை ஒதுக்குவதைக் கண்ணால் பார்க்க வீட்டில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பு, இரண்டு சொட்டு கேசரிக் கலர். பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் தடித்த துணி சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து உறையும். சுற்றாவிட்டால் எல்லாப் பக்கமும் உறைந்து ஒன்றும் தெரியாது. பாதி உறைந்ததும் எடுத்தால் பனிக்கட்டி வெளிறியிருக்கும், கலர் அடிநீரில் அடர்ந்திருக்கும். படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாளா, அல்லது உப்பளவை மாற்றி மறுநாளும் வைக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.