தூயமல்லி நெல் மஞ்சளடிக்கிறது, யூரியா போடலாமா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் 2 ஏக்கரில் இந்த வருஷம்தான் இயற்கை விவசாயத்துக்கு மாறினேன். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டை மடக்கி உழுத மூன்றாம் நாளே தூயமல்லி நட்டேன். நட்டு 20 நாள் ஆகிறது. பயிர் தூர் கட்டாமல் மஞ்சளடித்து நிற்கிறது. பக்கத்து வயல்காரர்கள் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா? இவ்வளவு சிரமப்பட்டு இயற்கையில் விளைவித்துச் சாப்பிடுவதில் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: யூரியா வேண்டாம். முதலில் வயலில் இறங்கி ஒரு குத்தை மண்ணோடு பிடுங்கி, வேரை அலசிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ இருக்கும். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தழை மட்காமலே நட்டதுதான் காரணம். தேங்கிய தண்ணீருக்குள் பச்சைத் தழை அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகி வேரைக் கெடுக்கிறது. கெட்ட வேர் யூரியாவையும் சரியாக எடுக்காது. அதோடு, இயற்கைச் சான்றிதழுக்கான மாறுதல் காலத்தையும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டி வரும்.

தண்ணீரை வடித்துவிட்டு, மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். வரிசை நடவு என்றால் கோனோவீடரை (தள்ளி ஓட்டும் களைக்கருவி) ஓட்டுங்கள், மண்ணுக்குள் காற்று போகும். வெள்ளை வேர் விட்டதும் ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தத்தை (சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து நொதிக்கவிட்ட கரைசல்) பாசனத்தோடு விடலாம். ஆனால் ஜீவாமிர்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது நுண்ணுயிர்களைப் பெருக்கும். தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) தொழுவுரம், பசுந்தாள், பிண்ணாக்குதான் வேண்டும்.

வேர் நன்றாக இருந்து, அடியிலைகளில் துரு நிறப் புள்ளி தெரிந்தால் துத்தநாகக் குறையாக இருக்கலாம். மண் பரிசோதனை செய்து, சான்றளிப்பவரிடம் கேட்டுவிட்டுத் துத்தநாக சல்பேட் போடுங்கள்.

பலன் நிச்சயம் உண்டு. இயற்கை விளைபொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் குறைவு. அதுதான் சாப்பிடுகிறவருக்குப் பெரிய லாபம். சத்து பல மடங்கு கூடிவிடும், சர்க்கரை நோய் தீரும் என்றெல்லாம் சொல்லி விற்காதீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை, நம்பி வாங்குகிறவர் மருந்தை நிறுத்திவிட்டால் ஆபத்து. என்னைக் கேட்டால் முதல் பலன் உங்கள் வீட்டுக்குத்தான்: விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டி அந்த விஷத்தைச் சுவாசிக்க வேண்டியதில்லை. யூரியா அதிகமான வயலைத்தான் புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும் என்பதால் பூச்சித் தொல்லையும் குறையும்.

அடுத்த சம்பாவுக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் மட்கவிட்ட பிறகே நடவு. ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழுவுரத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கடினம்.