கேள்வி–பதில்: கலிஃபோர்னியாவில் போலீஸ் வண்டியை நிறுத்தினால்

(கலிஃபோர்னியாவில் வண்டி ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மற்ற மாநிலங்களில் அபராதமும் நடைமுறையும் மாறும்.)

ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பின்னால் போலீஸ் வண்டி விளக்கைப் போட்டதும் என் கணவர் காரை நிறுத்தி, பேப்பர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். "வண்டிக்குள் போ" என்று மைக்கில் அதட்டினார்கள். மரியாதைக்காக இறங்கியது தப்பா?
– வாசகி, ஃப்ரீமான்ட்

தப்புதான். நம் ஊரில் இறங்கிப் போய் நிற்பது பணிவு. இங்கே ஒருவர் கதவைத் திறந்துகொண்டு நடந்து வந்தால், தாக்க வருகிறாரோ என்றுதான் போலீஸ்காரர் முதலில் நினைப்பார். எந்தக் காரிலும் துப்பாக்கி இருக்கலாம் என்று எண்ணியே அணுகும்படி அவருக்குப் பயிற்சி. அவர் சொல்லாமல் இறங்கக் கூடாது. இறங்கச் சொன்னால் மறுக்கவும் கூடாது. அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

விளக்கைப் பார்த்ததும் வலது இண்டிகேட்டரைப் போடுங்கள். கவனித்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிவதற்கு அது போதும். சடன் பிரேக் வேண்டாம். ஃப்ரீவேயில் இடது ஓர லேனில் இருந்தால் ஒவ்வொரு லேனாக மாறி வலது ஷோல்டருக்கு (சாலையோரத்தில் வண்டி நிறுத்தும் பகுதிக்கு) வாருங்கள். அடுத்த எக்ஸிட்டில் இறங்கு என்று மைக்கில் சொன்னால் அப்படியே செய்யுங்கள். நின்றதும் இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஹைவே பேட்ரோல்காரர்கள் ஓடும் வண்டிகளுக்குப் பயந்து பல நேரம் வலது பக்கமாக வருவார்கள்; அந்தக் கண்ணாடியையும் இறக்குங்கள்.

பலர் கோட்டை விடுவது அடுத்த அரை நிமிடத்தில்தான். அவர் வருவதற்குள் லைசென்ஸைத் தயாராக வைக்கலாமே என்று சீட் பெல்ட்டைக் கழற்றி, பின்பாக்கெட்டைத் துழாவி, டேஷ்போர்டு பெட்டியைக் குடைவார்கள். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு, எதையோ ஒளிப்பது போலவோ எடுப்பது போலவோதான் அது தெரியும். போதாததற்கு, பெல்ட் போடாமல் ஓட்டினாய் என்று இன்னொரு டிக்கெட்டும் (அபராதச் சீட்டும்) விழலாம். கேட்கட்டும். கேட்டபின், "லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் இந்தப் பெட்டியில், எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். கேட்பது இந்த மூன்றுதான். இன்ஷூரன்ஸ் சான்றை மட்டும் போனில் காட்டலாம்.

"எதற்காக நிறுத்தினேன் தெரியுமா?" என்ற பழைய கேள்விக்கு இப்போது இடமில்லை. 2024 ஜனவரி 1 முதல், விசாரிக்கத் தொடங்கும் முன்பே நிறுத்திய காரணத்தை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் "ஆமாம் ஆபீசர், அவசரத்தில் 80-ல் வந்துவிட்டேன்" என்று நீங்களாகவே ஒப்பித்தால், அது அவருடைய குறிப்பில் ஏறி கோர்ட் வரைக்கும் வரும். பொய்யும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம்; "சரி ஆபீசர்" போதும். பின்சீட்டிலிருந்து மாமனார் வாதாடக் கூடாது என்பதையும் புறப்படும்போதே சொல்லி வையுங்கள். அங்கேயே பணம் கட்டும் வழக்கம் கிடையாது. பணத்தை நீட்டினால் லஞ்ச வழக்காகிவிடும். அது ஃபெலனி, பெரிய குற்றம்.

டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? 65 மைல் ரோட்டில் 78-ல் போனதாக எழுதியிருக்கிறது.
– வாசகர், சான் ரமோன்

ஆகாது. குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டும்தான் அது. மறுத்திருந்தால் கைது செய்து நீதிபதி முன் நிறுத்தியிருக்கலாம். போட்டது சரி.

இனி முக்கியம் அந்தத் தேதி. கோர்ட்டிலிருந்து தபாலில் ஒரு நினைவூட்டல் வருவது வழக்கம். ஆனால் அது வராவிட்டாலும் தேதி தேதிதான். அபார்ட்மென்ட் மாறி, தபால் பழைய முகவரிக்குப் போய், ஒன்றும் வரவில்லையே என்று சும்மா இருந்து சிக்கிக்கொண்டவர்கள் நிறைய. வேகத்துக்கான டிக்கெட் சின்ன மீறல். வேண்டுமென்றே பதில் சொல்லாமல் விட்டால் அது தனிக் குற்றம், மிஸ்டிமீனர், பிடிவாரண்டும் வரலாம்.

15 மைல் வரை கூடுதல் வேகத்துக்கு அடிப்படை அபராதம் 35 டாலர். கையில் வரும் பில்லோ சுமார் 235! ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலமும் கவுண்டியும் தங்கள் பங்கை ஏற்றி, மேலே கோர்ட் கட்டணங்களும் சேர்வதால் இப்படி.

பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் முடியும். ஆனால் உங்கள் லைசென்ஸ் ரெக்கார்டில் ஒரு பாயின்ட் (தவறுக்கான புள்ளி) ஏறி 3 ஆண்டுக்கு மேல் நிற்கும், இன்ஷூரன்ஸ் பிரீமியம் கூடும். உண்மையான செலவு அதுதான். அதனால் முதல் டிக்கெட் என்றால் டிராஃபிக் ஸ்கூலுக்குப் போவதே என் யோசனை. அபராதத்தோடு ஒரு கட்டணமும் கட்டி ஆன்லைனில் படித்து முடித்தால், பாயின்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாது. 18 மாதத்துக்கு ஒரு முறைதான் இந்தச் சலுகை. வேக வரம்பை 25 மைலுக்கு மேல் தாண்டியவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது.

தப்பே செய்யவில்லை என்று நினைத்தால், நேரில் போகாமல் எழுத்து மூலம் வழக்காடலாம். படிவம் டி.ஆர்.-205. அபராதத் தொகை முழுவதையும் முன்பணமாகக் கட்டி, உங்கள் தரப்பை எழுதி, போட்டோ இருந்தால் இணைத்து அனுப்ப வேண்டும். போலீஸ்காரரும் எழுதித் தர வேண்டும். அவர் எழுதாவிட்டால் பெரும்பாலும் வழக்கு தள்ளுபடி, பணம் திரும்பும். தோற்றாலும், தீர்ப்பு தபாலில் போட்ட நாளிலிருந்து 20 நாளுக்குள் டி.ஆர்.-220 கொடுத்தால் புதிதாக நேரடி விசாரணை கிடைக்கும். ஒருவேளை தோற்றால் டிராஃபிக் ஸ்கூலுக்கு அனுமதி வேண்டும் என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "எல்லாரும் அந்த வேகத்தில்தான் போனார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது வாதமே அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

அப்பா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். தமிழ்நாட்டு லைசென்ஸில் ஓட்டலாமா?
– வாசகர், சன்னிவேல்

ஓட்டலாம். சுற்றிப் பார்க்க வந்த, 18 வயது நிறைந்தவர் சொந்த நாட்டின் செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டக் கலிஃபோர்னியா அனுமதிக்கிறது. சர்வதேச பெர்மிட் கட்டாயமில்லை. வாடகைக் கார் கம்பெனி கேட்கலாம். வேண்டுமென்றால் புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வர வேண்டும். ஊர் லைசென்ஸ் கையில் இல்லாமல் அந்த பெர்மிட் மட்டும் செல்லாது. உங்கள் காரை ஓட்டப் போகிறார் என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முதலில் சொல்லுங்கள்.

உங்களுக்கு இது பொருந்தாது. வேலை விசாவில் வந்து வீடெடுத்துத் தங்கியவர் மாநிலவாசி. 10 நாளுக்குள் கலிஃபோர்னியா லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஸ்டாப் போர்டில் நின்றுதான் போனேன். ஆளே இல்லாத தெரு. நிற்கவில்லை என்று டிக்கெட் கொடுத்துவிட்டார்கள்.
– வாசகி, மில்பீடஸ்

நின்றீர்களா, மெதுவாக உருண்டீர்களா? மணிக்கு 3 மைலில் ஊர்ந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது நிற்கவில்லை. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், வெள்ளைக் கோட்டுக்கு முன்பே. மூன்று எண்ண வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் நின்ற காரின் மூக்கு லேசாகப் பின்வாங்கி அடங்கும், அதை உணர்ந்தபின் எடுத்தால் எவரும் குறை சொல்ல முடியாது. சிவப்பு விளக்கில் வலது திரும்பும்போதும் இதே விதி. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைச் சிமிட்டினால் எதிர்த்திசையில் வந்தாலும் நில்லுங்கள். நடுவில் தடுப்புள்ள சாலையிலும், பக்கத்துக்கு இரண்டு லேனோ அதற்கு மேலோ உள்ள சாலையிலும் மட்டும்தான் எதிரே வருபவருக்கு விலக்கு.

போனை கையில் வைத்து மேப் மட்டும் பார்த்தால்கூட அபராதமா?
– வாசகர், டப்ளின்

ஆம். பேசவில்லை, டைப் செய்யவில்லை என்று முன்பு சிலர் வாதாடிவந்தார்கள். 2025 ஜூனில் சான் ஹோசே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. ஹோல்டரில் மாட்டி, ஒரே தட்டலிலோ ஒரே இழுப்பிலோ முடிகிற வேலைக்கு மட்டும் தொடலாம்.

டிக்கெட் வாங்கினால் விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ சிக்கலா?
– வாசகர், சான்டா கிளாரா

வேகம், ஸ்டாப் போர்டு, போன் போன்றவற்றால் சிக்கல் வருவதில்லை. விசா படிவம் கேட்பது கைதையும் குற்றத் தண்டனையையும்தான். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் கதையே வேறு. தண்டனை வராவிட்டாலும், கைதை வைத்தே பாஸ்போர்ட்டில் உள்ள விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். இங்கே வேலை செய்யும் தகுதி அதனால் உடனே போகாது. ஆனால் ஊருக்குப் போனால் புது விசாவுக்கு நிற்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வரம்பு என்றாலும், அதற்குக் கீழேயும் வழக்குப் போட முடியும். கைதாகிவிட்டால் டிராஃபிக் வக்கீல் மட்டும் போதாது, இமிக்ரேஷன் வக்கீலையும் அன்றே கூப்பிடுங்கள்.

முன்பக்க நம்பர் பிளேட் மாட்டாததற்கு டிக்கெட். இதற்கும் 200 டாலரா?
– வாசகர், ஃப்ரீமான்ட்

இல்லை. திருத்திக்கொள்ளும் வகை என்று டிக்கெட்டில் குறித்திருந்தால் பிளேட்டை மாட்டி, போலீஸ் ஸ்டேஷனில் காட்டிக் கையெழுத்து வாங்கி, தேதிக்குள் கோர்ட்டில் கொடுங்கள். 25 டாலரோடு முடியும். எரியாத பின்விளக்குக்கும் இதே வழி.

"அபராதம் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து" என்று போனுக்கு மெசேஜ் வந்தது.
– வாசகி, சான் ஹோசே

மோசடி. லைசென்ஸ் வழங்கும் மாநிலத் துறையான டி.எம்.வி. மெசேஜ் அனுப்பி அபராதம் வசூலிப்பதில்லை. லிங்கைத் தொடாமல் அழித்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், உங்கள் கவுண்டி கோர்ட்டின் இணையதளத்துக்கு நீங்களே போய் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.