ஏரிக்கு வரும் ஓடையில் செப்டிக் டேங்க் லாரி

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் லாரிக்காரர்கள் ராத்திரியில் ஏரிக்கு வரும் ஓடையிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். சுத்திகரிப்பு நிலையமெல்லாம் பெரிய நகரங்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லவே இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியும் பேரூராட்சிதான், அங்கே 2017-லேயே கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, பக்கத்து மதுராந்தகத்துக்கும் சேர்த்து. மணலும் ஜல்லியும் நிரப்பிய தொட்டியில் கசடை விட்டால் தண்ணீர் அடியில் வடிந்துவிடும், அதைத் தனியாகச் சுத்திகரிக்கிறார்கள். மேலே தங்குவது வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, மண்வெட்டியால் சுரண்டி எடுக்கிற பதத்துக்கு வரும். ஓடையில் கொட்டியதோ முதல் மழைக்கே ஏரிக்குப் போய்விடும், அப்புறம் ஊர்க் கிணறுகளுக்கும். இதைச் சகித்துக்கொள்ளவே கூடாது. அந்த லாரிகளுக்கு உள்ளாட்சி உரிமம் கட்டாயம். வண்டி எண்ணோடு செயல் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.