திங்கட்கிழமைக் கேள்வி

கேள்வி: பெங்களூரு அலுவலகமொன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதங்களாகின்றன. திங்கட்கிழமை காலையில் உடன் பணிபுரிவோர் ‘ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?’ என்று கேட்டால், ‘குட்’ என்பதோடு என் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருமுறை துணிந்து, ‘ஐ யூஸ்ட் டு கோ ஸ்விம்மிங் எவ்ரி சண்டே’ என்றேன். ‘ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று கேட்டார்கள். என் வாக்கியத்தில் என்ன பிழை?
– வாசகர், தருமபுரி

பதில்: கேட்டவர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். ‘போவது வழக்கம்’ என்னும் தமிழ்த் தொடரை மனத்தில் வைத்துக்கொண்டு நம்மில் பலர் ‘யூஸ்ட் டு’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ அது முன்பு இருந்து இப்போது இல்லாமற்போன வழக்கத்தைக் குறிக்கும். இன்றும் தொடரும் வழக்கத்தைச் சொல்ல ‘ஐ கோ ஸ்விம்மிங் எவ்ரி சண்டே’ என்பதே போதுமானது. தமிழில் ‘ஆடுகிறேன்’ என்னும் ஒரே வினை, இந்த நொடியில் ஆடுவதற்கும் வாரந்தோறும் ஆடுவதற்கும் பொருந்துவதால், ‘ஐ ஆம் ப்ளேயிங் கிரிக்கெட் எவ்ரி சண்டே’ என்றும் நாம் சொல்லிவிடுவதுண்டு. அங்கும் ‘ஐ ப்ளே’ என்பதே இயல்பு.

ஆனால் திங்கட்கிழமைக் கேள்வி வழக்கத்தைப் பற்றியதன்று, முடிந்துபோன இரண்டு நாட்களைப் பற்றியது. எனவே முதலில் ‘ஐ வென்ட் ஸ்விம்மிங்’ என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு, பிறகு வேண்டுமானால் வழக்கத்தைச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் கேட்கும்போது ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்டுவிடாதீர்கள். ‘டிட்’ என்பதே இறந்தகாலத்தைச் சுமப்பதால் அதன்பின் ‘கோ’தான் வரும்.

இன்னொன்று, ‘கோ டு ஸ்விம்மிங்’ என்று ‘டு’ சேர்க்க வேண்டாம். அதே ‘டு’வை ‘லிசன் டு மியூசிக்’ என்பதில் விட்டுவிடவும் கூடாது; ‘பாட்டுக் கேட்கிறேன்’ என்பதில் வேற்றுமை உருபு மறைந்திருப்பதால் நமக்கு அது தேவையற்றதாகத் தோன்றுகிறது. பந்தாட்டங்களுக்கு ‘ப்ளே’ என்றும், யோகாவுக்கும் கராத்தேவுக்கும் ‘செய்’ என்னும் பொருள்தரும் ‘டூ’ என்றும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘வாட் இஸ் யுவர் ஹாபி?’ என்று கேட்பது தவறா? ‘அட் த வீக்கெண்ட்’, ‘ஆன் த வீக்கெண்ட்’ இவற்றில் எது சரி?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலாவது தவறில்லை, ஆனால் நேர்முகத் தேர்வின் வாடை வீசும். ‘வாட் டூ யூ டூ இன் யுவர் ஃப்ரீ டைம்?’ என்று கேட்டால், தூங்குவதையே பொழுதுபோக்காகக் கொண்டவரும் கூச்சமின்றிப் பதில் சொல்வார். இரண்டாவதில், ‘அட்’ பிரிட்டன் வழக்கு, ‘ஆன்’ அமெரிக்க வழக்கு, இரண்டும் சரியே.