ஆறு மாதக் குழந்தையை வீட்டிலேயே படம் எடுக்க என்ன பொருள் வைக்கலாம்? ஃபோகஸ் எதில் வைக்கலாம்?

கேள்வியோடு "ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒரு ப்ராப் செட் பார்த்தேன், வாங்கலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

ப்ராப் செட் என்றால் படத்துக்காகப் பிள்ளையைச் சுற்றி வைக்கிற அலங்காரச் சாமான்கள். உங்களுக்கு இது முதல் குழந்தையாக இருக்கும். நிலா மாதிரி ஒரு மெத்தை, கம்பளி நூலில் பின்னிய கரடித் தொப்பி, துணி நட்சத்திரங்கள், இதெல்லாம் ஏற்கெனவே கார்ட்டில் கிடக்கும். குத்திக்காட்டவில்லை, என் கார்ட்டிலும் கிடந்தது.

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்காசி பக்கம் செங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கையில் இருப்பது செகண்ட் ஹாண்டில் வாங்கிய கேனான் 1500டி கேமராவும் 1.8 அபெர்ச்சர் உள்ள 50 எம்எம் லென்ஸும். அபெர்ச்சர் என்றால் லென்ஸின் திறப்பு, எண் குறைந்தால் திறப்பு பெரிசு. லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருக்கும் அண்ணாச்சிமார் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாதுதான்.

என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள் என் மதினி ஆசைப்பட்டு ஒரு ஸ்டூடியோவுக்கு ஏற்பாடு செய்தார். ஊர் பெயர் வேண்டாம். அங்கே பிள்ளையைத் தவளை மாதிரி உட்கார வைத்து, இரண்டு கையையும் தாடைக்கு அண்டை கொடுக்கிற போஸ் எடுக்கப் பார்த்தார்கள். இணையத்தில் நாம் பார்க்கும் அந்தப் படம் ஒரே படம் இல்லை. தலையை ஒருவர் பிடித்திருக்க ஒன்று, கையைப் பிடித்திருக்க இன்னொன்று என்று எடுத்து, பிடித்த விரல்களை அழித்து ஒட்டுவது. பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது என்பது ஆச்சிமார் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படம் எடுத்த ஸ்டூடியோத் தம்பிக்குத் தெரியவில்லை. பிடிக்க ஆள் இல்லாமலே கையை எடுத்துவிட்டு கேமராவுக்கு ஓடினான். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அட்வான்ஸ் போனது போனதுதான். மதினி இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதிலாக எங்கள் வீட்டு உருளிக் கதையைச் சொல்கிறேன்.

என் அம்மா வீடு ஆரியங்காவு. புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளம், ஆனால் எங்கள் வீட்டில் தமிழ்தான். ஆறாம் மாதம் சோறு கொடுக்கிற சடங்கை அங்கே சோறூணு என்பார்கள். அதற்காகப் பிள்ளையோடு போயிருந்தேன். ஜூலை மாதம், குற்றாலத்தில் சாரல் என்றால் ஆரியங்காவில் விடாத மழை. படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது என்பேன். மேகம் மொத்தமும் ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி வேலை செய்யும், முகத்தில் கறுப்பு நிழல் விழாது. தார்சா (முன்கூடம்) ஜன்னலை ஒட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி இடம் பிடித்தேன். ஃபிளாஷ் போடவில்லை.

கரடித் தொப்பியும் கொண்டு போயிருந்தேன். போட்டதும் பிள்ளை அதை இழுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டு அழுதது. அம்மாதான் அடுக்களையிலிருந்து பாயசம் காய்ச்சுகிற வெண்கல உருளியை எடுத்து வந்தாள். ஒன்றரை அடி அகலம் இருக்கும். உள்ளே துவர்த்தை (துண்டை) மடித்துப் போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தோம். அழுகை நின்றது. விளிம்பைத் தட்டினால் சத்தம் வருகிறது என்று அதுவே கண்டுபிடித்துவிட்டது. ஆறு மாதத்தில் எதையும் பிடிக்கும், தட்டும், வாயில் வைக்கும். அதனால் அழகாக இருக்கிற பொருளைவிட, பிள்ளைக்கு வேலை கொடுக்கிற பொருள் நல்லது.

இன்னொன்று, உருளியோ சுளகோ படியோ எவ்வளவு பெரிசு என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எவ்வளவு சின்னது என்று உடனே பிடிபடும். நிலா மெத்தை எவ்வளவு பெரிசு? யாருக்குத் தெரியும்? ஆன் கெடஸ் என்று ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு அம்மா, பூந்தொட்டியிலும் முட்டைக்கோஸ் இலையிலும் குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் உலகம் முழுக்கக் காலண்டரில் தொங்கின. அது ஓடியதற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். பூந்தொட்டி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். உருளிக்கு அடி உருண்டை. பாத்திரம் உருளாமல் அடியில் வைக்கிற வளையம், பிரிமணை, அதை வைக்காமல் வெறும் தரையில் வைத்துவிட்டேன். பிள்ளை எட்டி விளிம்பைப் பிடித்ததும் உருளி ஒரு பக்கம் சாய்ந்தது. "ஏளா, கேமராவைப் போடு!" என்று கத்திக்கொண்டே அம்மா ஒரு கையால் தாங்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் பிரிமணை போட்டோம், அம்மாவை ஒரு கை தூரத்தில் உட்கார வைத்தேன். ஸ்டூடியோக்காரனைத் திட்டினாயே, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான்.

இனி ஃபோகஸ். அன்று எனக்குத் தெரியாமலே நடந்தது இது. என் கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளி. எல்லாவற்றையும் அதன் இஷ்டத்துக்கு விட்டால் பெரும்பாலும் எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். முன்னால் இருந்தது உருளி விளிம்பு. 1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், இந்த மாதிரிச் சின்ன சென்சார் கேமராவில் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். பிள்ளை முகம் விளிம்புக்கு ஒரு சாண் பின்னால். ஆக, விளிம்பு கத்தி மாதிரித் தெளிவு, முகம் பஞ்சு. வாய் திறந்து சிரிப்பது மட்டும் தெரிகிறது. அழிக்கப் போனேன். பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்பில் எழுத்து!

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம் ஊர்ப் பழக்கம்தானே. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மழுங்கியிருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பக்கவாட்டு வெளிச்சம் பள்ளத்தில் நிழல் போட்டதால் கேமராவுக்குத் தெரிந்துவிட்டது. மலையாள எழுத்து. அம்மா வாசித்தாள், அவளுடைய ஆச்சியின் பெயர். பக்கத்தில் 1098 என்று ஒரு எண். ஆயிரம் வருஷத்துப் பாத்திரம் என்று என் தம்பி குதித்தான். அது கொல்லம் ஆண்டு, மலையாளக் காலண்டர் கணக்கு. 825ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும், 1923 வாக்கில் வருகிறது. அம்மா அந்த உருளியை நாற்பது வருஷமாகக் கழுவியிருக்கிறாள்.

அப்புறம்தான் வேண்டுமென்றே எடுத்தேன். ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ஒரு முறை எழுத்தின்மேல், ஒரு முறை கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணின்மேல். உங்களுக்கு முக்கால்வாசிப் படம் கண்ணில்தான் இருக்க வேண்டும். 1.8இல் எடுக்காதீர்கள், பிள்ளை ஒரு தடவை முன்னால் ஆடினாலே போச்சு. 4இல் வைத்தால் அதே தூரத்தில் ஆறு சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறைய வேண்டாம், இருட்டினால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவை, ஏற்றுங்கள். படத்தில் புள்ளி விழுந்தால் விழட்டும், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு இருந்தால் ஜாக்கிரதை. கேமரா அதைத்தான் பிடித்துத் தொங்கும்.

போன் என்றால் திரையில் தெரிகிற கண்ணைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பின்னால் இருப்பதை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடு கிலுகிலுப்பையின் காம்பையும் உச்சி முடியையும் கடித்துத் தின்றுவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பான பாத்திரம் வைத்தால் அடர்ந்த நிறத்தில் உடுத்துங்கள். என் முதல் பத்துப் படங்களில் உருளியின் வயிற்றில் மஞ்சள் நைட்டியோடு நான் தெரிகிறேன். மணி, சோழி, வாய்க்குள் போகிற அளவில் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

தூங்குகிற பிள்ளையை எடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், எங்கள் தெருவில் தூங்கினால். கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகிற டாரஸ் லாரிகள் ராத்திரி முழுக்க இந்த ரோட்டில்தான். இரண்டு மணிக்கு ஒன்று ஹாரன் அடித்தால் பிள்ளை கையிரண்டையும் விரித்து வீரிடும். காலையில் ஜன்னல் கம்பியில் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி. லென்ஸ் துடைக்கிற துணிக்கே நான் தனியாகச் செலவு செய்கிறேன். எங்கள் மலையும் போகிறது, தூக்கமும் போகிறது. கேட்டால் பெர்மிட் இருக்கிறது என்கிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள்.

எழுத்து தெளிவாகவும் முகம் மங்கலாகவும் இருக்கிற அந்த முதல் படத்தைத்தான் பிரேம் போட்டேன். மதினி பார்த்துவிட்டு, "பிள்ளை மூஞ்சியே தெரியலையே, பாத்திரக் கடை விளம்பரமா?" என்றார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். முகம் தெரிகிற படம் நாற்பது இருக்கிறது, ஆல்பத்தைத் திறந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ஒரு பிரதி இருக்கிறது. அவள் அதைப் பிள்ளை படம் என்று சொல்வதில்லை, ஆச்சி படம் என்கிறாள். ஆச்சிக்கு வேறு படமே கிடையாது.

ப்ராப் செட் வாங்கலாமா என்றால், வாங்குங்கள், அது உங்கள் காசு. நிலா மெத்தையை நானும் கடைசியில் வாங்கினேன். எங்கள் வீட்டுப் பூனை அதில் நன்றாகத் தூங்குகிறது.