சின்னக் குழந்தைகளுக்கு இணையம் எப்படி வேலை செய்கிறது என்று எப்படிப் புரியவைப்பது?

ஆறேழு வயதுக் குழந்தை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பார்க்கும் வீடியோ எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் இந்த வயதில் நினைப்பு. அதை வாயால் விளக்கிப் பிரயோஜனமில்லை. வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, போனில் எடுத்த போட்டோவைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கும். அப்புறம் புதிதாக ஒரு கார்ட்டூனைத் தேடச் சொல்லுங்கள். வராது. "அப்போ அது எங்க இருக்கு?" என்று குழந்தையே கேட்கும். அதற்குப் பிறகு நீங்கள் வாயைத் திறந்தால் போதும்.

பதில் சின்னதுதான். அது எங்கோ இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. நம் போன் கேட்கிறது, அது அனுப்புகிறது. கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை, பெயர் சர்வர். 1989-இல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் வெப்புக்கான (இணையத்தில் நாம் திறந்து பார்க்கும் பக்கங்களின் வலை) யோசனையை எழுதிக் கொடுத்த டிம் பெர்னர்ஸ்-லீயின் சொந்த வேலைக் கம்ப்யூட்டர்தான் உலகின் முதல் வெப் சர்வர். யாராவது தெரியாமல் அணைத்துவிடப் போகிறார்களே என்று, 'இது சர்வர், அணைக்காதீர்கள்' எனச் சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்திருந்தார். என் மகளுக்கு இந்தக் கதையில் அந்தச் சீட்டு மட்டும்தான் பிடித்தது. பரவாயில்லை, சர்வர் என்றால் என்ன என்பது அதிலேயே வந்துவிட்டது.

அடுத்தது ஒரு விளையாட்டு. குழந்தை வரைந்த படம் ஒன்றை எட்டுத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் 1 முதல் 8 வரை எண் போடச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாக, வெவ்வேறு அறை வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் இருப்பவரிடம் சேர்க்க வேண்டும். துண்டுகள் வரிசை மாறித்தான் வரும். எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். நடுவில் ஒரு துண்டை நீங்கள் ஒளித்துவையுங்கள். "அஞ்சு வரல, திரும்ப அனுப்பு!" என்று சத்தம் வரும். இணையத்தில் ஒரு பக்கமோ படமோ இப்படித்தான் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிந்து வருகிறது. வராததை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்வதும் நிஜமாகவே நடப்பதுதான்.

எல்லாம் காற்றிலேயே பறந்து வருகிறது என்றோ, சாட்டிலைட்டில் இருந்து இறங்குகிறது என்றோ சொல்லிவிடாதீர்கள் (பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்). வைஃபை வீட்டில் இருக்கும் ரவுட்டர் பெட்டி வரைக்கும்தான். கண்டம் விட்டுக் கண்டம் போவதில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களில் போகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான் இருக்கும். உள்ளே கண்ணாடி இழைகள், அவற்றில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கடலடிக் கேபிள் வரைபடத்தைத் திரையில் காட்டுங்கள், கொஞ்ச நேரம் கேள்வியாகவே வரும்.

ஐபி முகவரி (இணையத்தில் கம்ப்யூட்டருக்கு இருக்கும் எண் முகவரி), டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அந்த எண்ணைத் தேடித் தருவது) எல்லாம் இப்போது வேண்டாம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை என்றால் கடைசியாக இதையும் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து, தலைப்பின்மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுத்தால் பக்கத்தின் உள்கட்டு தெரியும். தலைப்பை அழித்துவிட்டுக் குழந்தையின் பெயரை அடியுங்கள். ஒரே குதியாட்டம்! அப்புறம் ரிஃப்ரெஷ் செய்தால் பழைய தலைப்பு வந்துவிடும். ஏன் என்று கேட்பார்கள். நாம் மாற்றியது நமக்கு வந்த பிரதியை. அசல் அங்கே சர்வரில் அப்படியே இருக்கிறது. போன் பிரௌசரில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது, கம்ப்யூட்டரே வேண்டும்.